தனத்துக்குத் தவழக் கற்றுக்கொடுத்தேன்

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு படித்துவிட்டு, இந்த ஆள் ஏன் இப்படிக் குதிக்கிறான் என்று யாரும் கேட்க வேண்டாம். கோபத்தைவிட மோசமான வியாதி ஒன்றும் எனக்கு உண்டு. எனக்குத் தெரியாத ஒரு வேலையை யாராவது அமைதியாகச் செய்துகொண்டிருந்தால், "நகரு, நான் காட்டுறேன்" என்று இறங்கிவிடுவேன். இதனால் கெட்டுப்போனவை பல. மாமனார் வீட்டு ரேடியோ, ஒரு சீனர் கடைத் தராசு, என் தம்பி கல்யாணத்தில் ஒரு அண்டா சாம்பார். அதெல்லாம் சில்லறை. ஒரு வயதுகூட நிரம்பாத பெண் குழந்தைக்குத் தவழக் கற்றுக்கொடுக்கப் போய், காஜா பெராங் முழுக்கப் பார்க்க மண்ணைக் கவ்வினேனே, அதைத்தான் எழுத வந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மலாக்காவில் ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் பிட்டர் வேலை. காஜா பெராங்கில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான், என் மனைவி அஞ்சலை, எங்கள் முதல் பிள்ளை தனம். நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிற வருடம் அது. கோப்பிக்கடையில், சலூனில், பஸ்ஸில் எல்லாம் அதே பேச்சு. எங்கள் வீட்டில் மட்டும் வேறு பேச்சு. பத்து மாதம் முடிந்தும் தனம் தவழவில்லை.

உட்கார வைத்தால் உட்காருவாள். சும்மா இல்லை, கல்யாண வீட்டுப் பெரிய மனுஷி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து வருகிறவன் போகிறவனையெல்லாம் பார்ப்பாள். ஆனால் இருந்த இடத்தை விட்டு ஒரு சாண் நகரமாட்டாள். ஒரு பொருள் வேண்டும் என்றால் கையை நீட்டி "ஊம்" என்பாள். யாராவது ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பார்கள்.

இதற்குக் காரணம் யார் என்று கேட்டால், நான்தான். அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன். உத்தரத்தில் ஸ்பிரிங் மாட்டி, அதில் சாரோங்கைக் கட்டிக் குழந்தையைப் போட்டு ஆட்டுவது எங்கள் ஊர் வழக்கம். எல்லோரும் கடையில் விற்கிற ஸ்பிரிங்கை மாட்டுவார்கள். நான் பிட்டர் இல்லையா? பட்டறையில் கழித்துப்போட்ட ஸ்பிரிங்குகளைப் பொறுக்கி, இரண்டைச் சேர்த்து நானே ஒன்று செய்தேன். ஒரு தட்டு தட்டினால் கால்மணி நேரம் தானாக ஆடும். பார்க்க ஆட்கள் வந்தார்கள். (இரண்டு பேர். இரண்டு பேரும் பட்டறையில் என்னோடு வேலை செய்தவர்கள்.) தனம் பாதி நாள் அதில் கிடந்தாள். மீதிப் பாதி நாள் யார் இடுப்பிலாவது இருந்தாள். பக்கத்து வீட்டில் சின்னம்மா என்று, பல தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன ஒரு செட்டி வீட்டு அம்மாள். பெயர் தமிழ், கும்பிடுவது மாரியம்மன், வாயைத் திறந்தால் மலாய். காலை பத்து மணிக்கு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் பன்னிரண்டுக்குத்தான் திரும்புவாள். சிமெண்டுத் தரை குளிரும், எறும்பு கடிக்கும் என்று அஞ்சலையும் கீழே விடுவதில்லை. என் மகள் கால் தரையில் படுவதே இல்லை என்று கோப்பிக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மடையன்.

அஞ்சலைக்கு ஒரு அண்ணன். புக்கிட் காதில் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. கிராணி என்றால் ஆபீஸ் குமாஸ்தாதான். ஆனால் தோட்டத்தில் கிராணிக்கு இருக்கிற மரியாதையை அவர் டவுனுக்கும் தூக்கிக்கொண்டு வருவார். அரைக்கால் சிலுவார் (கால்சட்டைக்கு எங்கள் ஊர்ப் பெயர்), முழங்கால் வரை வெள்ளைக் காலுறை. உட்காரும் முன் நாற்காலியைத் தட்டிப் பார்ப்பார். அவருக்கு ஒரு பையன். தனம் பிறந்த அதே வாரம் பிறந்தவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்தார். பையனைத் தரையில் விட்டார்கள். விட்டதுதான் தாமதம், குட்டி எருமை மாதிரி கிளம்பினான். கூடத்திலிருந்து குசினிக்குப் போய் வெங்காயக் கூடையைக் கவிழ்த்தான். திரும்பி வந்து என் செருப்பைக் கடித்தான். கட்டில் காலைப் பிடித்து எழுந்து நின்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். தனம் பாயில் உட்கார்ந்து, படம் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் தொண்டையைச் செருமினார். பிள்ளைக்குக் கால் சரியில்லை என்றார். தோட்டத்தில் எண்ணெய் போட்டு உருவிவிடுகிற கிழவி ஒருத்தி இருக்கிறாளாம், கை ராசியாம். அஞ்சலையும் பிள்ளையும் மூன்று மாதம் தன் வீட்டில் வந்து இருக்கட்டும், பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். நிறுத்தவில்லை.

"இங்க பாத்துக்க ஆளில்ல மாப்பிள்ளை. நீங்க என்னா பண்ணுவீங்க பாவம், உங்களுக்கு நட்டு போல்ட்டுதான் தெரியும்."

எனக்கு ஏறிவிட்டது. மூன்று மாதம் என் மனைவியும் பிள்ளையும் இல்லாமல் அந்த வீட்டில் நான் தனியாக இருப்பதை நினைத்தேன். எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது. அது ஒரு பக்கம். பட்டறையிலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது அந்தப் பெரிய மனுஷி பாயில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டுவாளே, அதற்காகத்தான் நான் வீட்டுக்கே வருவது. இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் வேறொன்றைச் சொல்லித் தொலைத்தேன்.

கோப்பிக்கடைச் சுவரில் அந்த வாரம்தான் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். சுதந்திரக் கொண்டாட்டத்துக்காக எங்கள் வட்டாரத்து ஆட்கள் பள்ளிக்கூடத் திடலில் விளையாட்டுகள் வைக்கிறார்கள். சாக்கு ஓட்டம், கயிறிழுப்பு, அதோடு கைக்குழந்தைகளுக்குத் தவழும் போட்டி.

"சுதந்திரத்துக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை போட்டி இருக்கு. உங்க பையனையும் கொண்டாங்க. எம் பொண்ணும் வருவா. அவ அந்தக் கோட்டைத் தாண்டலன்னா, திடல்லேருந்து அப்படியே ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்றேன்.

மச்சான் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். நானும் கொடுத்தேன். அஞ்சலை தேநீர்த் தட்டோடு வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த இரண்டு நாள் சோறு தட்டில் விழுந்தது, கொஞ்சம் சத்தத்தோடு.

மூன்றாம் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்கு மிஸியிடம் போனாள். (எங்கள் ஊரில் நர்ஸை மிஸி என்றுதான் சொல்வோம்.) உஜோங் பாசிரிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வருகிற போர்ச்சுகீசியப் பெண்மணி. நானும் கூடப் போனேன், யாரும் கூப்பிடாமலே. மிஸி தனத்தின் காலை மடக்கினாள், நீட்டினாள், பாதத்தைச் சுரண்டினாள், மேசை விளிம்பில் நிறுத்திப் பார்த்தாள். பிறகு மலாயில் சொன்னாள். காலில் ஒன்றும் இல்லை, இடுப்பில் ஒன்றும் இல்லை. இந்தப் பிள்ளையை யாரும் கீழே விடுவதில்லை, அவ்வளவுதான். தரையில் பாய் விரித்து விடு. குப்புறப் போடு. கைக்கு எட்டாத தூரத்தில் பிடித்த பொருளை வை. நீள பாந்தால் தலையணை மேல் வயிறு படும்படி போட்டு முன்னும் பின்னும் உருட்டு. உன் தொடை மேல் உட்கார வைத்து இடமும் வலமும் மெதுவாகச் சாய். சாயும்போது அவளே நிமிரப் பார்ப்பாள், அதுதான் அவளுக்குப் பாடம். எல்லாம் விளையாட்டாகச் செய். சிரிக்கும் வரை செய், அழுதால் விடு.

அஞ்சலை தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். எனக்குத் திருப்தி இல்லை. ஆறு வாரத்தில் போட்டி, விளையாடிக்கொண்டிருந்தால் ஆகுமா? இதற்கு முறையான பயிற்சி வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பயிற்சி விஷயத்தில் நான் சாதாரண ஆள் இல்லை. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசர காலத்தில் இரண்டு வருடம் ஊர்க்காவல் படையில் இருந்தவன். எதிரி ஒருத்தனையும் பார்த்ததில்லை. ஒரு மாட்டைப் பார்த்து "யார் அங்கே" என்று கத்தியிருக்கிறேன், மாடு நின்றது. படையில் எங்களுக்கு முள்கம்பிக்கு அடியில் தவழக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொடுக்கிற முறை இதுதான்: எல்லோரும் வரிசையாகக் கீழே உட்கார வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது, அசையக் கூடாது. சார்ஜெண்ட் முன்னால் படுத்துத் தவழ்ந்து காட்டுவார், ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. அதற்குப் பிறகுதான் நாங்கள் எழுந்திருக்கலாம். தடித் தடியாக நாற்பது ஆம்பளைகளுக்குப் பலித்த முறை ஒரு குழந்தைக்குப் பலிக்காதா?

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். கூடத்தில் நாற்காலிகளை ஓரம் கட்டினேன். தனத்தைச் சுவரோரம் பாயில் உட்கார வைத்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு சாரோங்கை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் குப்புற விழுந்தேன். "நல்லாப் பாரு. வலது முழங்கை, இடது முழங்கால். இடது முழங்கை, வலது முழங்கால். தல தூக்கக் கூடாது, சுட்டுருவான்." சுவரிலிருந்து சுவர் வரை போனேன். திரும்பி வந்தேன். தனம் வாயைத் திறந்து பார்த்தாள். மூன்றாவது தடவை சிரித்தாள். ஐந்தாவது தடவை இரண்டு கையையும் தட்டினாள்.

பாடம் ஏறுகிறது என்று நினைத்தேன்.

தினமும் சாயங்காலம் இது நடந்தது. நான் பட்டறையிலிருந்து வருவதைப் பார்த்ததும் அவளே சுவரோரம் நிமிர்ந்து உட்கார்ந்து தயாராகிவிடுவாள். என்ன ஒழுக்கம் என்று பூரித்துப்போனேன். பத்து நாளில் என் முழங்கை இரண்டிலும் தோல் போய்விட்டது. பட்டறையில் என்ன காயம் என்று கேட்டார்கள், கியர் பெட்டி என்று பொய் சொன்னேன். அஞ்சலை பகலில் மிஸி சொன்னபடி பாந்தால் மேல் உருட்டுவதையும், தொடையில் வைத்துச் சாய்ப்பதையும், மைலோ டின் மூடியை எட்டாத தூரத்தில் வைத்து ஆட்டுவதையும் செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் நான் பார்த்துவிட்டு, இப்படிக் கொஞ்சிக்கொண்டிருந்தால் என் பயிற்சி கெட்டுப்போகும் என்று சத்தம் போட்டேன். இன்னொரு நாள் நான் தரையில் கிடக்கும்போது அவள் ஏதோ சொல்ல வந்தாள். "குறுக்க பேசாத, பாடம் நடக்குது" என்றேன். அவள் குசினிக்குப் போய்விட்டாள்.

சின்னம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தெருவுக்கே செய்தி வாசித்தாள். "பாப்பா மெராங்காக், அனாக் தெங்கோக்." அப்பன் தவழுது, பிள்ளை வேடிக்கை பார்க்குது. இத்தனை வருடம் கழித்து யோசித்தால், அந்த ஆறு வாரத்தில் எங்கள் வீட்டில் நடந்ததை அவளைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு ஜன்னலைச் சாத்தினேன்.

போட்டி நாள் வந்தது. சுதந்திரத்துக்கென்று வெள்ளைச் சிலுவார் ஒன்று தைத்திருந்தேன், இடுப்பில் பிடிப்பாக, மடிப்பு கத்தி மாதிரி. தனத்துக்கு மஞ்சள் சட்டை. அஞ்சலை என்ன உடுத்தினாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு சின்னப் பெட்டி கையில் வைத்திருந்தாள், அது ஞாபகம் இருக்கிறது. கையடித்துக் கொடுத்த வாக்கு இல்லையா, பிள்ளைத் துணியெல்லாம் மடித்து வைத்துவிட்டாள். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று கத்தினேன். திடல் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். பஸ்ஸே வேண்டியதில்லை.

திடலில் சரியான கூட்டம். தமிழர், சீனர், மலாய்க்காரர், செட்டி வீட்டு ஆட்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். புல் மேல் பாய்களை ஒட்டி ஒட்டி விரித்து நீளமாக ஒரு தடம் போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் சுண்ணாம்புக் கோடு, அந்தப் பக்கம் சுண்ணாம்புக் கோடு. எட்டுக் குழந்தைகள். மைக் பிடித்தவர் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். நடுவராக நம் மிஸி, கழுத்தில் விசில். தாய்மார்கள் அந்தக் கோட்டில் உட்கார்ந்து கூப்பிட வேண்டும், குழந்தையை இந்தக் கோட்டில் வேறொருவர் விடலாம், விசில் ஊதிய பிறகு யாரும் தொடக் கூடாது. இதுதான் விதி.

நான் போய் அந்தக் கோட்டில் தாய்மார்கள் நடுவில் உட்கார்ந்தேன்.

வாத்தியார் மைக்கை மூடிக்கொண்டு, "அண்ணே, இது அம்மாமாருக்குள்ள எடம்" என்றார். பயிற்சி கொடுத்தது நான், கூப்பிடுவதும் நான்தான் என்றேன். விதி என்றார். எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது காட்டு, இன்றைக்கு நாடு சுதந்திர நாடு என்றேன். கூட்டம் கைதட்டியது. எனக்கு ஆதரவு என்று நினைத்துக்கொண்டேன். மிஸி கையை அசைத்து, விடு, உட்காரட்டும் என்றாள். அஞ்சலை தனத்தைக் கோட்டில் உட்கார வைத்துவிட்டு ஓரமாக நின்றாள், பெட்டி காலடியில். மச்சான் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றார்.

விசில் ஊதியது. எட்டில் ஒரு குழந்தை அப்படியே படுத்துத் தூங்கிவிட்டது. ஒன்று பின்பக்கமாகப் போனது. இரண்டு ஒரே கிலுகிலுப்பைக்குச் சண்டை போட்டன. கிராணி மச்சான் பையன் மட்டும் கிளம்பினான், நேராக, தலையை ஆட்டிக்கொண்டு, தன் அம்மா கையிலிருந்த பிஸ்கட்டை நோக்கி. தனம் அசையவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து என்னையே பார்த்தாள்.

"தனம், வா" என்றேன். பார்த்தாள். "வலது முழங்கை" என்றேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பையன் பாதித் தூரம் வந்துவிட்டான். ஓரத்தில் மச்சான் குனிந்து அந்தப் பெட்டியைத் தூக்குவதைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. எழுந்து ஓடினேன். தனம் பக்கத்தில், குழந்தைகள் கிளம்புகிற கோட்டில், வெள்ளைச் சிலுவாரோடு குப்புற விழுந்தேன். தொடக் கூடாது என்றுதானே விதி, நான் தொடவில்லை. "பாரு, கடைசித் தடவ காட்டுறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வலது முழங்கை, இடது முழங்கால். கொஞ்ச தூரம் காட்டிவிட்டு நிற்கத்தான் நினைத்தேன். உடம்பு நிற்கவில்லை. படையில் பழகிய உடம்பு, ஒரு தடவை தரையில் விழுந்தால் முள்கம்பி முடியும் வரை போய்த்தான் தீரும். எங்கேயோ டர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது. சிலுவாரின் பின் தையல். தல தூக்கக் கூடாது என்று நானே சொல்லிக்கொடுத்தது, அதனால் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும், திடலில் எல்லாமே நின்றுபோயிருந்தது. கயிறிழுப்புக்காரர்கள் கயிற்றைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். பிஸ்கட்டுக்குப் போன மச்சான் பையன் நடுவழியில் நின்று, உட்கார்ந்து, வாயில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். சண்டை போட்ட இரண்டும் பார்த்தன. தூங்கின குழந்தைகூட எழுந்து பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள்.

என் கை சுண்ணாம்பில் பட்டது. நிமிர்ந்தேன். எட்டுக் குழந்தைகளும் என் பின்னால் இருந்தன.

வாத்தியாருக்கு நல்ல குரல். மைக்கில் நிதானமாக அறிவித்தார்: "முதலாவதாகக் கோட்டைத் தாண்டியவர், குழந்தை தனத்தின் தகப்பனார்."

அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. சீனர்கள் ஒரு மாதிரி, மலாய்க்காரர்கள் ஒரு மாதிரி, நம் ஆட்கள் ஒரு மாதிரி, ஆனால் ஒன்றாகச் சிரித்தார்கள். அந்த ஒரு நிமிஷம் ஊரில் இன வேற்றுமை சுத்தமாக இல்லை.

மச்சான் பெட்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றார். "ஜெயிச்சிட்டீங்க மாப்பிள்ளை. நாங்க அப்ப கெளம்புறோம்" என்றார். எனக்குக் கெட்ட வார்த்தை வாய் வரை வந்தது. அதற்குள் அஞ்சலை வந்து, யாரோ கழற்றி வைத்திருந்த மேல்சட்டையை என் பின்பக்கத்தில் போட்டு மூடினாள்.

"ஒக்காருங்க. ஆடாதீங்க, பேசாதீங்க. கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவள் என்னை அப்படிச் சொன்னதில்லை. உட்கார்ந்தேன். வாயை மூடினேன்.

தனம் கிளம்புகிற கோட்டிலேயே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். தட்டி முடித்தாள். காத்திருந்தாள். நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை தட்டிப் பார்த்தாள். ஆட்டம் முடிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. ஒரு காலை மடக்கி அடியில் வைத்தாள், மறு காலைத் துடுப்பு மாதிரி முன்னால் நீட்டி இழுத்தாள், ஒரு கையைப் பாயில் ஊன்றினாள். பின்பக்கத்தாலேயே சர்ரென்று ஒரு அடி நகர்ந்தாள். இன்னொரு அடி. நிமிர்ந்த முதுகு நிமிர்ந்தபடி இருந்தது. படகு வருகிற மாதிரி வந்தாள். வழியில் மச்சான் பையன் பக்கத்தில் நிறுத்தினாள். அவன் அம்மா அவனைக் கிளப்ப வீசியிருந்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள். கையில் பிஸ்கட்டோடு, மிச்சத் தூரத்தைக் கடந்து, கோட்டைத் தாண்டி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

நான் அஞ்சலையைப் பார்த்தேன்.

"மூணு வாரமா இப்படித்தான் போறா. குசினி வரைக்கும் வருவா, வாசல் வரைக்கும் போவா. நீங்க வீட்டுக்குள்ள வந்தா ஒக்காந்துக்குவா. கூத்து பாக்கணும்ல அவளுக்கு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்ல வந்தேன். பாடம் நடக்குதுன்னீங்க."

அந்த நிமிஷம் மச்சான் குறுக்கே புகுந்தார். இது தவழ்வது இல்லை, பேச்சு தவழும் போட்டியைப் பற்றித்தான், விசில் ஊதி எவ்வளவு நேரம் ஆகிவிட்டது என்று கிராணி வேலையை ஆரம்பித்தார். வாத்தியாரும் விதிப்படி இதைச் சேர்க்க முடியாது என்றார். நான் வாயைத் திறந்தேன். அஞ்சலை ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டேன். மிஸி வந்து தனத்தைத் தூக்கி நிறுத்தி, இடுப்பை மட்டும் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். தனம் விழவில்லை. பிஸ்கட்டையும் விடவில்லை. சில பிள்ளைகள் தவழவே மாட்டார்கள், உட்கார்ந்தபடியே போய்விட்டு ஒரு நாள் எழுந்து நடப்பார்கள் என்றாள் மிஸி. போகும்போதே ஒரு கையில் பொருளைத் தூக்கிக்கொண்டு போகிறாளே, அவ்வளவு நன்றாக உடம்பைச் சமாளிக்கிறாள், பிறகு என்ன கவலை என்றாள்.

மச்சான் விடவில்லை. மாப்பிள்ளை கையடித்துக் கொடுத்திருக்கிறார், வார்த்தை என்று ஒன்று இருக்கிறது என்றார்.

அஞ்சலை அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள்.

"வார்த்த குடுத்தது அவரு, வாங்கினது நீங்க. என்னைய யாரு கேட்டா? எம் பிள்ளைக்கு ஒண்ணும் இல்லண்ணே. நான் எங்கயும் வரல. நீங்க வீட்டுக்கு வாங்க, கோழி எடுத்து வெச்சிருக்கேன்."

பெட்டி கட்டும்போதே கோழியும் எடுத்து வைத்திருக்கிறாள். மச்சான் காலுறையைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். பையன் நடுவர் மேசைத் துணியை இழுத்துக்கொண்டிருந்தான். போட்டி குழம்பிப்போனதால் எட்டுக் குழந்தைகளுக்கும் ஆளுக்கு ஒரு பால்மாவு டின் கொடுத்து அனுப்பினார்கள். எனக்கும் ஒன்று நீட்டினார் வாத்தியார். வாங்கவில்லை. (அஞ்சலை வாங்கிக்கொண்டாள்.) பிறகு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்து கோழிக்கறி சாப்பிட்டோம். மச்சான் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார்.

தனம் பதினைந்தாவது மாதம் எழுந்து நடந்தாள். சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை, நான் பட்டறையில் ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்திருக்கும்போது நடந்திருக்கிறாள். சின்னம்மா பட்டறை வாசல் வரை வந்து கத்திவிட்டுப் போனாள். அவள் கத்தும்போது என்னைக் கூப்பிட்ட பெயர்தான் எனக்கு நிலைத்துவிட்டது. பாக் மெராங்காக். தவழுகிற பெரியவர். பெரியவரா? எனக்கு இருபத்தாறு வயது.

அந்த வாரம் பட்டறையில் அப்படிக் கூப்பிட்டார்கள். அடுத்த வாரம் கோப்பிக்கடையில். பிறகு தபால்காரர், மீன்காரர், கோயில் தலைவர். ஆரம்பத்தில் சண்டைக்குப் போனேன். ஒருத்தன் சட்டையைப் பிடித்தேன், அவன் மன்னிச்சுக்குங்க பாக் மெராங்காக் என்றான். அதோடு விட்டுவிட்டேன்.

இருபது வருடம் போனது. ஆயர் குரோவிலிருந்து தனத்தைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வண்டியை நிறுத்தி, கோப்பிக்கடையில் என் பெயரைச் சொல்லி வீடு எங்கே என்று கேட்டிருக்கிறார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பஸ் கம்பெனியில் பிட்டர், பெண் பெயர் தனம் என்று சொன்ன பிறகு, "அட, நம்ம பாக் மெராங்காக்" என்று நாலு பேர் வண்டிக்கு முன்னால் நடந்து வந்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். வழியெல்லாம் கதையும் சொல்லியிருக்கிறார்கள். மிச்சக் கதையை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கிராணி மச்சான் சொன்னார், டர்ர் சத்தம் உட்பட. நான் நாற்காலியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன்.

தனம் தேநீர் கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் அப்பா கோப்பையை எடுத்துக்கொண்டு, "அந்தப் பிள்ள நீதானாம்மா? இப்ப நல்லா நடக்குறியா?" என்று கேட்டார்.

"நடக்குறேன் மாமா. அப்பா சொல்லிக் குடுத்தத மறக்கத்தான் கொஞ்ச நாளாச்சு" என்றாள்.

குடித்த தேநீர் அவருக்கு மூக்கு வழியாக வந்தது. அஞ்சலை குசினிக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். அங்கேயே தட்டு மாற்றினார்கள். தை மாதம் கல்யாணம். கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் தகப்பனார் என்று என் சொந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, காஜா பெராங்கில் வீடு வீடாக நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, இது யார் வீட்டுக் கல்யாணம் என்று பாதிப் பேர் என்னிடமே கேட்டார்கள்.